வீடா, விளையாட்டுக் குழுவா, பிளே ஸ்கூலா? ஒன்றரை முதல் மூன்று வயது வரை ஓர் ஒப்பீடு

குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டியதுமே இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. "வீட்டிலேயே இருந்தால் யாரோடும் பழகத் தெரியாமல் போய்விடுமோ?" என்று ஒரு பக்கம் கவலை. "இத்தனை சின்னதை எப்படிக் கொண்டுபோய் விடுவது?" என்று இன்னொரு பக்கம். பாட்டி ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டார் ஒன்று சொல்வார், கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடும். வீடு அல்லது பிளே ஸ்கூல், இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களே அதிகம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. நான்கு குடும்பங்கள் சேர்ந்து, பெரியவர்களும் கூடவே உட்கார்ந்து, பிள்ளைகளை விளையாட விடுகிற சின்னக் குழு. அதையும் சேர்த்தே இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துவிடலாம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போயாக வேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் "அனுப்பலாமா?" என்ற கேள்வியே உங்களுக்கு இல்லை. "எங்கே அனுப்பலாம்?" என்பது மட்டும்தான். நேராகப் பிளே ஸ்கூல் பகுதிக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள், முதலில் எதை வைத்து எடைபோடுவது என்பதைப் பார்த்துவிட்டு வரலாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

குறுக்கிடாத நேரம். ஒன்றேமுக்கால் வயதுக் குழந்தை ஒன்று டப்பாவையும் மூடியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மூடியை வைக்கும், சறுக்கும். திரும்ப வைக்கும். ஒரு பக்கம் பொருந்தும், மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். தூக்கின பக்கத்தை உள்ளங்கையால் அடிக்கும், உடனே முதல் பக்கம் எழும்பும். அப்புறம் டப்பாவுக்குள் ஒரு சாக்ஸைத் திணித்து மூடப் பார்க்கும். பாதி சாக்ஸ் வெளியே தொங்கும். அதை இழுக்கும், மூடி தெறித்து விழும், சிரிக்கும். மறுபடி முதலிலிருந்து. இது கால் மணி நேரம் ஓடும், நாம் நடுவில் புகுந்து "இப்படி வைக்கணும் கண்ணா" என்று மூடிக் கொடுக்காமல் இருந்தால்.

ழான் பியாஜே தன் சொந்தக் குழந்தைகளைக் கவனித்துக் குறித்து வைத்தவற்றில் பொருள்களைக் கீழே போடும் விளையாட்டும் உண்டு. மகன் லொரான் ஒவ்வொரு முறையும் கையை வேறு இடத்தில் வைத்து, வேறு உயரத்திலிருந்து போட்டு, எங்கே போய் விழுகிறது என்று பார்த்திருக்கிறான். தட்டைத் தள்ளிவிடும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். திட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை, தட்டு தட்டுதான். கீழே போட்டாலும் உடையாத வேறு பொருள் ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும். இந்த வயதில் திரும்பத் திரும்பச் செய்வதுதான் படிப்பு. அதற்கு நேரம் கிடைக்கிறதா என்பது முதல் அளவுகோல்.

கைக்குக் கிடைக்கும் பொருள்கள். விலை உயர்ந்தவை வேண்டாம், நிறையவும் வேண்டாம். 2018-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 4 பொம்மைகள் இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், ஒன்றையே பல விதமாகப் பயன்படுத்தினார்கள். எத்தனை பொருள் என்பதைவிட ஒன்றை வைத்து எத்தனை விதமாக விளையாட முடியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வண்ணம், களிமண், தண்ணீர், மணல் எல்லாம் இந்தக் கணக்கில் முதல் வரிசை.

அதே முகங்கள். பழக்கம் என்றதும் பலருக்குக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. இருபது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் விட்டால் தானாகப் பழகிவிடும் என்று. இரண்டு வயதுக்கு இருபது பேர் என்பது வெறும் சத்தம். மறுபடி மறுபடி பார்க்கிற இரண்டு மூன்று முகங்கள்தான் அதற்குத் தேவை. ஏன் என்பதைக் குழுப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் பெரியவர். எத்தனை குழந்தைகளுக்கு ஒருவர்? அவர் அடுத்த மாதமும் இருப்பாரா? அமெரிக்கக் குழந்தைநல வழிகாட்டு நெறிகள் 13 முதல் 35 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 4 பேருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கின்றன. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே 3 பேருக்கு ஒருவர். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு 4-க்கு ஒருவர் என்றிருந்ததை 2023 செப்டம்பரில் 5-க்கு ஒருவர் என்று தளர்த்தினார்கள். நீங்கள் இருக்கும் ஊரில் சட்டம் என்ன சொன்னாலும் 4, 5 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

குடும்பம் தாங்குமா? பணம், பயணம், தூக்கம், லீவு, பொறுமை. குழந்தைக்கு எது நல்லது என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள். தூக்கமில்லாமல் எரிந்துவிழுகிற அம்மாவோடோ அப்பாவோடோ நாள் முழுக்க இருப்பது குழந்தைக்கும் நல்லதில்லை. அதனால் இதுவும் குழந்தையின் கணக்குதான்.

## வீடு

குறுக்கிடாத நேரம் என்ற அளவுகோலில் வீட்டை எதுவும் மிஞ்ச முடியாது. மணி அடித்து அடுத்த நிகழ்ச்சிக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை. டப்பா மூடி விளையாட்டு நேற்று எங்கே நின்றதோ அங்கிருந்தே இன்று தொடரலாம்.

பொருள்களுக்கும் பஞ்சமில்லை. பிரிட்டனைச் சேர்ந்த எலினார் கோல்ட்ஷ்மீட் இரண்டாம் வயதுக் குழந்தைகளுக்காக உருவாக்கிய விளையாட்டு முறை ஒன்று உண்டு. மூடிகள், டப்பாக்கள், அட்டைக் குழாய்கள், வளையங்கள், துணித் துண்டுகள், சங்கிலி என்று ஒவ்வொன்றிலும் நிறைய எடுத்துத் தரையில் பரப்புவார்கள். பெரியவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். சொல்லித் தரமாட்டார், பாராட்டமாட்டார், சும்மா இருப்பார். குழந்தைகள் போடுவதும் எடுப்பதும் அடுக்குவதும் தள்ளுவதுமாக நேரம் போவது தெரியாமல் மூழ்கிவிடுவார்கள். வீட்டில் செய்வதென்றால் அளவில் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்காவில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடியது. வீட்டில் டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாயை வைத்துப் பார்க்கலாம். அது கொஞ்சம் பெரிதாக இருப்பதும் நமக்கு நல்லதுதான். பட்டன் பேட்டரியும் சின்னக் காந்தமும் கண்ணில்கூடப் படக் கூடாது. சங்கிலியோ கயிறோ கழுத்தைச் சுற்றும் நீளத்தில் இருக்கக் கூடாது.

வீட்டு வேலையும் விளையாட்டுதான். ஒன்றரை வயதுக் குழந்தைகள், எதிரில் இருப்பவர் கைதவறிப் போட்ட பொருளை யாரும் கேட்காமலேயே எடுத்துக் கொடுப்பதை 2006-ல் வெளிவந்த சோதனைகள் காட்டின. வேண்டுமென்றே வீசிய பொருளை அப்படி எடுத்துத் தரவில்லை. தவறி விழுந்ததற்கும் வீசியதற்கும் வித்தியாசம் அந்த வயதிலேயே தெரிகிறது. துணி மடிக்கும்போது ஒரு துண்டைக் கையில் கொடுத்தால் நம் வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தை வேறு எதில் செலவழித்தாலும் இந்த அளவுக்குப் பலன் இருக்காது.

ஓவியத்துக்கு வருவோம். இங்கே வீட்டுக்கு ஒரு பெரிய சாதகமும் ஒரு பெரிய பாதகமும் உண்டு. சாதகம், யாரும் "என்ன வரைஞ்சே?" என்று கேட்காமல் கிறுக்கலாம். ரோடா கெல்லாக் என்ற அமெரிக்கர் குழந்தைகளின் படங்களை லட்சக்கணக்கில் சேகரித்து, சின்னப் பிள்ளைகளின் கிறுக்கல்களை 20 அடிப்படை வகைகளாகப் பிரித்தார். புள்ளி, நெடுங்கோடு, படுக்கைக்கோடு, சுழி, வளையம் என்று போகிறது அந்த வரிசை. இந்த வயதில் கோடு எதையும் குறிக்க வேண்டியதில்லை, கை போன வழி தாளில் தெரிகிறதே என்பதுதான் அதிசயம். இரண்டு வயதுக் கை கிரையானை முழு முஷ்டியாகப் பிடிக்கும், தோளிலிருந்து அசையும். அதனால் தாள் பெரிதாக, தரையில் ஒட்டினதாக இருக்க வேண்டும். கிரையான் குட்டையாக, தடியாக.

வண்ணம் கொடுத்தால் இன்னும் வேடிக்கை. முதலில் மஞ்சளை இழுக்கும். அப்புறம் நீலத்தைத் தொட்டு மஞ்சள் மேலேயே வைக்கும். பச்சை தெரிந்ததும் கை நின்றுவிடும். தாளைப் பார்க்கும், தூரிகை முனையைப் பார்க்கும், நம்மைப் பார்க்கும். அடுத்து சிவப்பும் போய்ச் சேரும், எல்லாம் சேற்று நிறமாகும், அதையே தாள் கிழியும்வரை தேய்க்கும். நமக்குப் படம் பாழ். அதற்கோ பச்சை வந்த இடம்தான் அன்றைய நாளின் செய்தி.

பாதகம் என்னவென்றால், இத்தனையையும் துடைக்க வேண்டியவர் நீங்கள்தான். அதனாலேயே பல வீடுகளில் வண்ணப் பெட்டி அலமாரியின் மேல்தட்டை விட்டு இறங்குவதே இல்லை. குளியலறைத் தரையில் உட்காரவைத்து வண்ணம் கொடுத்துவிட்டு அப்படியே குளிப்பாட்டிவிடுவது எனக்குத் தெரிந்தவரை மிகச் சுலபமான வழி.

மறைமுகச் செலவு இதற்கும் உண்டு. முதலாவது திரை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு வயதில் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. கூடவே, ஒன்று இரண்டு வயதுகளில் நாள் முழுக்கப் பரவலாக 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும் என்றும் சொல்கிறது. தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் சமைக்கவும் குளிக்கவும் வேண்டுமே, அந்த நேரத்தில் போன் கைக்குப் போய்விடுகிறது. வீட்டில் இருக்கும் பிள்ளை என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் அது போனோடு இருக்கும் பிள்ளையாகிவிடலாம். இரண்டாவது, பார்த்துக்கொள்பவரின் தனிமை. இதைக் காசில் கணக்கிட முடியாது, ஆனால் செலவில் பெரியது இதுதான்.

வேறு குழந்தைகளின் முகம் என்ற அளவுகோலில் வீடு தோற்கிறது. அண்ணன், அக்கா இருந்தால் ஓரளவு ஈடாகும். ஆனால் பெரிய பிள்ளை விட்டுக்கொடுக்கும் அல்லது அதிகாரம் பண்ணும். தன் உயரத்துக்குச் சமமான ஒருவர் வேண்டும் என்ற இடம் காலியாகவே இருக்கும்.

## விளையாட்டுக் குழு

1932-ல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து ஆறு வகையாகப் பிரித்தார். எதிலும் ஈடுபடாமல் இருப்பது, தனியாக விளையாடுவது, பிறரை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது, பொருள்களைக் கொடுத்து வாங்கி விளையாடுவது, ஒரே நோக்கத்தோடு சேர்ந்து விளையாடுவது. வயது ஏற ஏறப் பின்னால் உள்ளவை கூடுகின்றன. இரண்டு வயதுக்காரர்கள் பெரும்பாலும் தனியாகவோ பக்கத்தில் பக்கத்திலோதான் விளையாடுவார்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் "என் பிள்ளை யாரோடும் சேரவே மாட்டேங்குது" என்று பெற்றோர் புலம்புகிறார்கள். அது சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது, இரண்டு வயதுக்காரர் சேரும் விதத்தில்.

மணல் குவியலில் இரண்டு குழந்தைகளை வைத்துப் பாருங்கள். ஒன்று வாளியில் மணலை அள்ளிக் கொட்டும். மற்றது நிறுத்திவிட்டுப் பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தன் வாளியில் அள்ளிக் கொட்டும், கொட்டியதும் முதல் குழந்தையின் முகத்தைப் பார்க்கும். அது மறுபடி கொட்டும், இந்த முறை இன்னும் உயரத்திலிருந்து. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நீ செய்தாய், நான் செய்தேன், இப்போது உன் முறை என்று முழு உரையாடலே நடந்து முடிந்துவிட்டது. பேச்சு வராத வயதில் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதுதான் பேச்சு. அதே இருவர் அடுத்த வாரமும் அதே இடத்தில் சந்தித்தால், அறைக்குள் நுழைந்ததும் வாளியைத் தேடும். மூன்றாவது நான்காவது முறையில் அந்தக் குழந்தையின் பெயரை, அல்லது பெயரில் பாதியை, வீட்டில் சொல்ல ஆரம்பிக்கும். ஒன்றரை இரண்டு வயதிலேயே இன்ன பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பம் நிலைத்து நிற்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். நட்பு என்று அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இதற்குத் தேவை அதே ஆள், அதே இடம், அதே பொருள். வாரத்துக்கு ஒரு புது விளையாட்டு மைதானம், புதுப்புது பிள்ளைகள் என்று அலைவதால் இது கிடைக்காது. மூன்று நான்கு குழந்தைகள் உள்ள நிலையான குழுதான் இந்த அளவுகோலில் மற்ற எல்லாவற்றையும் விட முன்னால் நிற்கிறது. தினமும் பதினைந்து பிள்ளைகளைப் பார்க்கும் பிளே ஸ்கூலையும் விட என்றே சொல்வேன்.

இப்படிக் குழு சேர்ப்பது புதிதும் இல்லை. நியூசிலாந்தில் 1941-ல் தாய்மார்கள் சேர்ந்து வெலிங்டனில் பிளேசென்டர் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெற்றோரே நடத்துவது அதன் அடிப்படை, இன்றைக்கும் நடக்கிறது. இங்கிலாந்தில் 1961-ல் பெல் டுடேவ் என்ற தாய், தன் குழந்தைக்கு மழலையர் பள்ளியில் இடம் இல்லாததால் மற்றத் தாய்மார்களோடு சேர்ந்து தாமே நடத்தும் குழு பற்றி கார்டியன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடு முழுக்க விளையாட்டுக் குழுக்கள் பரவியது அதற்குப் பின்னால்தான். நிறுவனம் எதுவும் முன்னால் நிற்கவில்லை, இடம் கிடைக்காத பெற்றோர்தான் நின்றார்கள்.

நடத்துவது கஷ்டமில்லை. மூன்று நான்கு குடும்பங்கள், வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒன்று ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும் வேளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பாதிச் சண்டை அதிலேயே போய்விடும். ஒவ்வொரு பொருளிலும் இரண்டு மூன்று இருக்கட்டும். ஒரு பெரிய லாரி பொம்மையைவிட ஒரே மாதிரி நான்கு வாளிகள் மேல். யார் வீட்டில் கூடுகிறார்களோ அந்தக் குழந்தையின் செல்லப் பொம்மையை முன்கூட்டியே எடுத்து மறைத்துவிட வேண்டும். இரண்டு வயதில் அதைப் பகிரச் சொல்வது நம் போனை வந்தவரிடம் கொடுக்கச் சொல்வதற்குச் சமம்.

பிடுங்கல் நடக்கும். "எனது" என்று கத்தும். பிள்ளையை நாம்தான் கெடுத்து வைத்திருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று கண்டுபிடிப்பதே ஒன்றரை வயதை ஒட்டித்தான். தான் என்று ஒருவர் இருப்பது தெரிந்த பிறகுதான் தனது என்று ஒன்று இருக்க முடியும். 1983-ல் இரண்டு வயதுப் பையன்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், தன்னைப் பற்றிய தெளிவு கூடுதலாக இருந்த பையன்களே பொம்மைகளை அதிகமாக உரிமை கொண்டாடினார்கள். பெரியவர் செய்ய வேண்டியது பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடி விழாமல் கையைத் தடுத்து, "அவன் கையில இருக்கு, உனக்கும் வேணும்" என்று நடந்ததைச் சொல்வது. நீதிபதி வேலை வேண்டாம். "ஸாரி சொல்லு" என்று வற்புறுத்துவதால் ஒரு வார்த்தை கிடைக்கும், அவ்வளவுதான்.

இதன் மறைமுகச் செலவு குழந்தைகளிடம் இல்லை, பெரியவர்களிடம் இருக்கிறது. ஒரு குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிடும், இன்னொன்று எல்லாவற்றையும் தடுக்கும். "உங்க பொண்ணு இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலையா?" என்று ஒருவர் கேட்பார், மூன்று நாள் தூக்கம் போய்விடும். யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வரமுடியவில்லை என்பார். எல்லா வாரமும் ஒரே வீட்டில் நடந்தால் அந்த வீட்டுக்காரருக்கு அலுத்துவிடும். தொடங்கும்போதே மூன்று விஷயம் பேசிவிடுவது நல்லது. அடித்தால், கடித்தால் என்ன செய்வோம், சளி காய்ச்சல் இருந்தால் வருவதில்லை, பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசுவதில்லை. இன்னொரு செலவு, பகலில் ஒரு பெரியவர் கூடவே இருந்தாக வேண்டும். வேலைக்குப் போகும் பெற்றோர் இதை வார இறுதிக்கு மாற்றிக்கொள்ளலாம். தாத்தாவோ பாட்டியோ அழைத்து வந்தாலும் சரிதான்.

## பிளே ஸ்கூல், காப்பகம்

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்கு முன் பிளே ஸ்கூலுக்கு அனுப்புவது பெரும்பாலும் பெரியவர்களின் தேவைக்காக. அதில் தவறு எதுவும் இல்லை. சம்பளம் வேண்டும், வேலை போய்விடக் கூடாது, அடுத்த குழந்தை பிறக்கப் போகிறது, இரண்டு மணி நேரம் மூச்சு விட வேண்டும், எல்லாமே நியாயமான காரணங்கள். "பிள்ளையின் வளர்ச்சிக்காக" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போதுதான் தப்பான இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். எழுத்து சொல்லித் தரும், மேடை ஏற்றும், மாதம் ஒரு விழா நடத்தும் இடம் வளர்ச்சிக்கு நல்லதென்று தோன்றும். நம்பி விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று தேடினால் ஆயா யார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்போம். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. பராமரிப்பின் தரம் நன்றாக இருந்த இடங்களில் வளர்ந்த பிள்ளைகளின் மொழியும் சிந்தனைத் திறனும் கொஞ்சம் மேலாக இருந்தன. காப்பகத்தில் கழித்த மணி நேரம் கூடக்கூட நடத்தைச் சிக்கல்கள் சற்றே கூடின. இரண்டையும் விட வீட்டுச் சூழலும் பெற்றோர் நடந்துகொள்ளும் விதமும்தான் அதிக வித்தியாசத்தை உண்டாக்கின. அனுப்புவதால் பிள்ளை கெட்டுவிடாது, அனுப்பாவிட்டால் பின்தங்கிவிடாது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

நல்ல இடமாக அமைந்தால் வீட்டில் முடியாத சில விஷயங்கள் இங்கே நடக்கும். பெரிய மணல்தொட்டி, தண்ணீர் மேசை, ஏறி இறங்க இடம், சுவர் முழுக்க வண்ணம் அடிக்க வசதி. துடைக்க வேறு ஆள் இருப்பதால் அழுக்காகும் விளையாட்டு தினமும் நடக்கலாம். நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சுவரைப் பாருங்கள். இருபது பிள்ளைகளின் பெயர் போட்டு, இருபதும் ஒரே மாதிரி வெட்டி ஒட்டின யானையாக இருந்தால் அதைச் செய்தது ஆசிரியை. தும்பிக்கை தப்பான இடத்தில் ஒட்டியிருக்கும் யானை ஒன்றாவது இருக்க வேண்டும். யானையே இல்லாமல் வெறும் பசைக் கறையும் நீலத் திட்டுமாக இருந்தால் இன்னும் நல்லது, அது பிள்ளை செய்தது.

பார்க்கப் போகும்போது விளையாட்டு நேரத்தில் போங்கள், சேர்க்கை மேசையோடு திரும்பி வராதீர்கள். ஒரு குழந்தை அழுதால் யார் எவ்வளவு நேரத்தில் போகிறார், குனிகிறாரா, நின்றபடியே கூப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "எங்க பிள்ளைங்க கடிக்கவே மாட்டாங்க" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். முதல் சில நாள் நீங்கள் உள்ளே உட்கார அனுமதி உண்டா என்பதும் முக்கியம். கேட்டுக்கு வெளியே கையைப் பிடுங்கி வாங்கிக்கொள்ளும் இடங்கள், அழுகை சீக்கிரம் நிற்கும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அழுகை நிற்பதும் பயம் தீர்வதும் ஒன்றில்லை.

மறைமுகச் செலவில் முதலாவது சளி. முதல் வருடம் மாறி மாறி வரும், நீங்கள் லீவு போடும் நாள்களையும் கட்டணத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள். ஒரு சின்ன ஆறுதல், அமெரிக்காவின் டூசான் நகரில் பல வருடம் தொடர்ந்த ஆய்வு ஒன்றில் பெரிய காப்பகங்களுக்குப் போன பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் சளி அதிகமாகவும், ஆறு முதல் பதினொரு வயது வரை குறைவாகவும் இருந்தது. இரண்டாவது, ஆள் மாற்றம். உங்கள் பிள்ளை ஒட்டிக்கொண்ட அக்கா வேலையை விட்டுப் போனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். மூன்றாவது சாயங்கால அழுகை. "அங்கே ரொம்ப சமர்த்து" என்பார்கள், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்தல் ஆரம்பிக்கும். நாள் முழுக்கக் கட்டுப்படுத்தி வைத்ததை நம்பிக்கையான இடத்தில் இறக்கிவைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் கடைக்குப் போவது, விருந்தினரைக் கூப்பிடுவது எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

## வாரம் ஒரு வகுப்பு?

ஓவிய வகுப்பு, இசை வகுப்பு, "மூளை வளர்ச்சி" வகுப்பு. சுருக்கமாகச் சொன்னால், பெரியவருக்கு வெளியே போக ஒரு சாக்கு வேண்டுமென்றால் சேருங்கள். முக்கால் மணி நேரத்தில் ஏழு செயல்பாடு மாற்றுகிற இடத்தில் டப்பா மூடிக்கு நேரம் கிடையாது. வகுப்பில் ஒரு நல்ல குடும்பம் அறிமுகமாகி, அது பிறகு விளையாட்டுக் குழுவாக மாறினால் கட்டின காசு வீணில்லை.

## ஒரே பார்வையில்

| | வீடு | விளையாட்டுக் குழு | பிளே ஸ்கூல், காப்பகம் |
|---|---|---|---|
| குறுக்கிடாத நேரம் | நிறைய, திரையை ஒதுக்கினால் | அந்த ஒன்றரை மணி நேரம் நன்றாக | இடத்துக்கு இடம் மாறும் |
| வண்ணம், மணல், தண்ணீர் | உண்டு, துடைப்பது உங்கள் பாடு | உண்டு, சேர்ந்து துடைக்கலாம் | நல்ல இடமானால் தாராளம் |
| நட்பு | குறைவு | மிக நல்லது | கூட்டம் சின்னதாக இருந்தால் நல்லது |
| பக்கத்தில் பெரியவர் | ஒருவருக்கு ஒருவர், ஆனால் களைத்தவர் | சொந்த மனிதர்கள் | 4, 5 பேருக்கு ஒருவர் என்றால் சரி |
| மறைமுகச் செலவு | தனிமை, திரை | பெரியவர்களின் உரசல் | சளி, லீவு, ஆள் மாற்றம் |
| யாருக்கு | பார்த்துக்கொள்ள ஒருவருக்கு மேல் இருக்கும் வீடு | பகலிலோ வார இறுதியிலோ ஒருவர் ஓய்வாக உள்ள குடும்பம் | வேலைக்குப் போகும் பெற்றோர், மிகவும் களைத்தவர்கள் |

## உங்கள் நிலைமைக்கு எது?

தாத்தா பாட்டி, பெற்றோர் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வீடும் வாரம் ஒருமுறை குழுவும் போதும். மூன்று வயது வரை இதற்கு மேல் எதையும் தேட வேண்டாம் என்பேன்.

ஒருவரே தனியாகப் பார்த்துக்கொள்கிறார், குழு சேர்க்க ஆள் கிடைக்கவில்லை, போன் பயன்பாடு கைமீறுகிறது என்றால் அரை நாள் பிளே ஸ்கூல் நல்ல யோசனை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அனுப்பலாம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. அப்படியானால் நாள்கள் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதே பிள்ளைகள் வருகிற நாள்களாக இருக்கட்டும்.

முழு நாள் காப்பகம் தவிர வழியில்லாதவர்கள் தேர்வில் பணத்தை ஆள் எண்ணிக்கைக்குக் கொடுங்கள், கட்டடத்துக்கு வேண்டாம். உங்கள் பிள்ளை அங்கே அடிக்கடி பேர் சொல்லும் ஒரு குழந்தையைக் கண்டுபிடித்து, அந்தக் குடும்பத்தை ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் கூப்பிடுங்கள். கூட்டத்தில் இருந்து ஒரு நட்பைத் தனியே பிரித்தெடுக்க இதைவிடச் சுலபமான வழி தெரியவில்லை. மாலையில் படிப்பு, வகுப்பு எதுவும் வேண்டாம், பெரிய தாளும் நான்கு கிரையானும் தரையில் கிடக்கட்டும்.

புது முகம் கண்டால் காலைக் கட்டிக்கொள்ளும் கூச்சக்காரப் பிள்ளைக்குக் குழுவில் தொடங்கி, இரண்டரை வயதை ஒட்டி அரை நாளுக்கு மாற்றுவது நல்லது. பிரிவின் அழுகை பொதுவாக 10 முதல் 18 மாதத்தில் உச்சத்தில் இருக்கும். சேர்க்கும் தேதி உங்கள் கையில் இருந்தால் அந்தக் காலத்தைத் தவிர்த்துவிடலாம். வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது, டயப்பர் விடுவது இவற்றில் எதனோடும் சேர்க்கையைச் சேர்த்து வைக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் விட்டுப் பாருங்கள். காலையில் அழுவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், நன்றாகப் பொருந்திய பிள்ளைகளும் வாசலில் அழும். திரும்பிக் கூப்பிடப் போகும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது விளையாட்டில் மூழ்கி, உங்களைப் பார்த்ததும் ஓடிவந்துவிட்டு மறுபடி அதற்கே போனால் சரியாகத்தான் போகிறது. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வீட்டில் எப்போதும் விளையாடும் விளையாட்டையே விட்டுவிட்டு, அது இரண்டு மூன்று வாரம் நீடித்தால் அந்த இடத்திலோ நேரத்திலோ ஏதோ சரியில்லை. முதலில் மணி நேரத்தைக் குறைத்துப் பாருங்கள், அப்புறம் இடத்தை மாற்றுங்கள். அட்வான்ஸ் கட்டிவிட்டோமே என்பதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.